தாம்பரமா, மந்தைவெளியா? வீட்டில் வண்டி ஓட்டாதவரை வைத்து முடிவு செய்யுங்கள்

சென்னையில் ஒரு குடும்பம் வீடு மாற்றலாமா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று, கோயில், கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிற மயிலாப்பூர், மந்தைவெளி, மேற்கு மாம்பலம் மாதிரி இடத்தில், சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை என்று கூடுதல் வாடகை கொடுத்து இருப்பது. இன்னொன்று, சேலையூர், மேடவாக்கம், ஊரப்பாக்கம் என்று தள்ளிப் போய், அப்பா அம்மாவுக்கோ மாமனார் மாமியாருக்கோ பக்கத்தில், காற்றும் வெளிச்சமும் இருக்கிற வீட்டில் இருப்பது. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். மந்தைவெளியில் ஏழு வருடம், என் அப்பா அம்மா இருக்கிற, தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் இரண்டு வருடம், இப்போது மூன்றாவதாக ஓர் இடத்தில். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மூன்று வருடம் கழித்துப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த ஏரியாவும் சமாளிக்கக்கூடியதுதான். கஷ்டம் ஓட்டாதவருக்கு. வீட்டுக்கு வீடு அது வேறு ஆளாக இருக்கும்: வயதானவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, லைசென்ஸ் எடுக்காத மனைவி, கண் ஆபரேஷன் ஆன மாமனார். எங்கள் வீட்டில் இரண்டு பேர். எங்களோடு இருக்கும் எழுபத்தொரு வயது அத்தை, என் கணவரின் அம்மா. அப்புறம் பதினொரு வயது மகள். வீடு பார்க்கிற பேச்சில் இந்த இரண்டு பேரையும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் ஒரு வாரம் எழுதுங்கள்

வீடு தேடுகிற ஆப்பைத் திறப்பதற்கு முன்னால், இப்போது இருக்கிற வீட்டில் ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, யார் வெளியே போனார்கள், எங்கே, எதில், கூட யார் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். பால் வாங்கப் போனதுகூட வரட்டும். யாரும் எழுத மறந்தால் ராத்திரி சாப்பிடும்போது கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

நாங்கள் இதை மந்தைவெளியை விட்டுப் போகும் முன் செய்யவில்லை, சேலையூர் போன பிறகுதான் செய்தோம். ஆனால் மந்தைவெளியில் அத்தையின் ஒரு நாள் எனக்கு மனப்பாடம். காலை ஆறரைக்குக் கையில் ஒரு மஞ்சள் பையோடு கிளம்புவார், கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, தெற்கு மாட வீதியில் தரையில் கடை விரித்திருக்கும் அம்மாக்களிடம் கீரையைப் புரட்டிப் பார்த்து, வேரில் மண் ஈரமாக இருக்கிறதா என்று நகத்தால் கிள்ளிப் பார்த்து, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசி எட்டு மணிக்கு வருவார். சாயங்காலம் பார்க், வெள்ளிக்கிழமை ஒரு சிநேகிதி வீடு. சேலையூரில் நாங்கள் எழுதிய வாரத்தில் அத்தை இரண்டு முறைதான் வெளியே போயிருந்தார், இரண்டும் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், அவர் ஏன் மத்தியானத்தில் இவ்வளவு நேரம் தூங்குகிறார், ஏன் முழங்கால் வலி கூடிவிட்டது என்று சொல்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு உறைத்தது.

பக்கத்தில் என்றால் எத்தனை நிமிடம்

சரி, அப்படியென்றால் ஏன் மந்தைவெளியை விட்டுப் போனோம்? ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அம்மாவால் தூக்க முடியவில்லை. போன் வந்தது. வண்டி புக் செய்து கிடைக்க இருபது நிமிடம், போய்ச் சேர நாற்பது நிமிடம், அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தூக்கிப் படுக்க வைத்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை, நல்ல வேளை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் தவித்தது எனக்குப் போதும் என்றாகிவிட்டது. பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "பக்கத்தில்" என்பதைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், நிமிடத்தில் போடுங்கள், அதுவும் மூன்று வேளைக்குத் தனித்தனியாக. நடு ராத்திரி அவசரத்துக்கு எத்தனை நிமிடம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எத்தனை நிமிடம், நல்ல மழையில் எத்தனை நிமிடம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் கேம்ப் ரோடு சந்திப்பைச் சாயங்காலம் தாண்டியவர்களுக்குத் தெரியும், மேடவாக்கத்தில் வீடு எடுத்துவிட்டுச் சேலையூர் அம்மா வீடு பக்கம்தான் என்று சொல்வது வரைபடத்தில்தான் சரி. என் அனுபவத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் நினைத்த நேரத்தில் போவீர்கள். அரை மணி என்றால் வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் மாதம் இரண்டு ஞாயிறு கல்யாணம் காதுகுத்து என்று போய்விடும்.

இன்னொன்று. உதவி எந்தப் பக்கம் போகிறது என்றும் பாருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும் என்பதற்காகப் போகிறீர்களா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களா? முதலாவது என்றால், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அந்தத் தேவை முடிந்துவிடும், சில வருட ஏற்பாடு என்று மனதில் வைத்துக்கொண்டு வாடகைக்குப் போங்கள். இரண்டாவது என்றால் தேவை வருடத்துக்கு வருடம் கூடும், அப்போது வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இருக்கிறதா, லிப்ட் இருக்கிறதா, ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் சமையலறை அளவைவிட முக்கியம்.

நடந்து பார்க்காமல் நம்பாதீர்கள்

ஊருக்குள் என்றாலே நடக்கலாம் என்று அர்த்தம் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது, பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் வந்தது, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023இல் ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள். இவை எல்லாம் உண்மையிலேயே நல்ல மாற்றங்கள், அந்த நடைமேம்பாலம் வருவதற்கு முன் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் அத்தையைக் கூட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதே நகரத்தில், இரண்டு தெரு தள்ளி, பிளாட்பாரத்தின் மேல் மின்சாரப் பெட்டியும் பைக்கும் நிற்கும். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டி, தடுப்பு வைத்து, போக்குவரத்தைத் திருப்பி விட்டதில், முன்பு ஐந்து நிமிடத்தில் தாண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது.

எனவே வீடு பார்க்கப் போகிற அன்று நான் சொல்கிறபடி செய்யுங்கள். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, வீட்டில் வண்டி ஓட்டாதவரையும் கூட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து அரை லிட்டர் பால் வாங்க நடந்து போய்த் திரும்புங்கள். நீங்கள் பின்னால் நடங்கள், அவர் முன்னால் போகட்டும். எத்தனை இடத்தில் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்குகிறார், சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்கிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள். சாலைகளுக்கான தரத்தை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், அதாவது இரண்டு பேர் தோள் உரசாமல் போகிற அளவு. அது எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனால் பால் கடை, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் மூன்றுக்கும் போகிற வழியிலாவது பெரிய சாலையைக் கடக்காமல் போக முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதே நடையை இருட்டிய பிறகு ஒரு தடவை. தெருவிளக்கும் தெருநாயும் பகலில் கணக்கில் வராது.

பிள்ளைக்கும் இதே சோதனைதான். மந்தைவெளியில் என் மகள் எட்டு வயதில் தெருமுனை அண்ணாச்சி கடைக்குத் தனியாகப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவாள், கடைக்காரருக்கு அவளைத் தெரியும், எதிரே இஸ்திரி வண்டிக்காரர் ஒரு கண் வைத்திருப்பார். சேலையூரில் எங்கள் தெருவிலிருந்து கடைக்குப் போக வேகமாக வண்டி வரும் ஒரு சாலையைத் தாண்ட வேண்டும். தனியாக அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

வாடகை வித்தியாசம் எங்கே போகிறது

எங்கள் கணக்கையே சொல்கிறேன். மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முப்பத்திரண்டாயிரம் கொடுத்தோம். சேலையூரில் அதைவிடப் பெரிய வீடு பதினெட்டாயிரம். மாதம் பதினாலாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் எனக்குத் தனியாக ஸ்கூட்டர் வேண்டியிருந்தது, தவணை மூவாயிரத்து எண்ணூறு. இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பெட்ரோல் கூடுதலாக மூவாயிரத்து ஐந்நூறு. பள்ளி வேன் இரண்டாயிரத்து ஐந்நூறு, மந்தைவெளியில் அவள் நடந்து போனாள். அத்தைக்கும் மழை நாளுக்கும் ஆட்டோ, சுமார் மூவாயிரம். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. மிச்சம் ஆயிரத்து இருநூறு.

அம்மா கொடுத்தனுப்பும் குழம்பையும், மகளைச் சாயங்காலம் தாத்தா பாட்டி பார்த்துக்கொண்டதையும் பணமாகக் கணக்கிட நான் விரும்பவில்லை, அது வேறு வரவு. ஆனால் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் தள்ளிப் போகிறவர்கள் இந்த நான்கு செலவையும் தாளில் எழுதிப் பாருங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள், அந்தப் பேருந்து உங்கள் நிறுத்தத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதையும் நின்று பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள் எவை என்று வீடு எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

தண்ணீர், இரண்டு விதத்திலும்

கோடையில் குழாயில் வருமா, டிசம்பரில் வாசலில் வருமா என்று இரண்டு கேள்வி. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஊருக்குள் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியக் குழாய் இருக்கும், ஆனால் பழைய வீடுகளில் அடி பம்பில் அடித்து சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) நிரப்ப வேண்டியிருக்கும், அதை யார் அடிப்பது என்று கேளுங்கள். புறநகரில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதா, அடுக்குமாடி என்றால் ஏப்ரல் மே மாதத்து மெயின்டனன்ஸ் ரசீதில் லாரித் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் போன கோடை ரசீதைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

வெள்ளத்துக்கு புரோக்கரைக் கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரு புரோக்கர் "இங்கே சொட்டுத் தண்ணி நிக்காது மேடம்" என்று சத்தியம் செய்து காட்டிய வீட்டின் காம்பவுண்டுச் சுவரில், இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது, சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. தெருவில் இஸ்திரிக்காரர், மளிகைக்காரர் இரண்டு பேரிடமும் "2015ல எவ்வளவு வந்துச்சு, 2023ல எவ்வளவு வந்துச்சு" என்று வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும், வருடத்தைச் சொன்னால் எத்தனையாவது படி வரை என்று கையால் காட்டுவார்கள். முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஊருக்குள் இருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை, 2021 நவம்பரில் தி.நகரே தண்ணீரில் நின்றது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது

இதைத்தான் நான் மிகவும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புறநகர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ரயிலால் வளர்ந்த ஊர் வேறு, ரோட்டால் வளர்ந்த ஊர் வேறு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். அப்போது அநேகமாக யாரிடமும் வண்டி கிடையாது, எனவே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றி, நடந்து வந்து ரயில் ஏறுகிற தூரத்தில் தெருக்களாக வளர்ந்தன. ஸ்டேஷன் வாசலிலேயே மார்க்கெட், அதை ஒட்டி டாக்டர், மருந்துக் கடை, டிபன் கடை. மேடவாக்கம், பெரும்பாக்கம், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) உள்பகுதிகள் எல்லாம் பைக்கும் காரும் வந்த பிறகு, நெடுஞ்சாலையை ஒட்டிப் பரவியவை. அங்கே பெரிய அபார்ட்மென்ட் கேட்டுக்குள் நன்றாக நடக்கலாம், கேட்டைத் தாண்டினால் கஷ்டம்.

நாங்கள் இப்போது கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எட்டு நிமிட நடையில் இருக்கிறோம். அம்மா வீட்டுக்கு ஆட்டோவில் பன்னிரண்டு நிமிடம், ஸ்கூட்டரில் பத்து. கணவர் கிண்டிக்கு ரயிலில் போகிறார். நான் வாரம் இரண்டு நாள் அண்ணா சாலை போக வேண்டும், கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறிக்கொள்கிறேன். வீடு பழசு, பால்கனி கிடையாது, வாடகை இருபத்தொன்றாயிரம். ஸ்கூட்டர் இருக்கிறது, ஆனால் பாதி நாள் நிற்கிறது.

எனவே பெற்றோர் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் பழைய ரயில்வே ஸ்டேஷன் எது என்று பார்த்து, அதைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் வீடு தேடுங்கள். இருக்கிற ரயிலை நம்புங்கள், வரப்போகிற ரயிலை நம்பி இப்போதே வாடகை கொடுக்காதீர்கள். கடற்கரையிலிருந்து பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கு வந்தது 1997இல், அங்கிருந்து வேளச்சேரி சேர 2007 ஆனது, வேளச்சேரியைப் பரங்கிமலையோடு இணைக்க 2008இல் தொடங்கிய வேலை பதினைந்து வருடத்தையும் தாண்டி இழுத்தது. மெட்ரோ இரண்டாம் கட்டம் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வரை வரும்போது அந்தப் பக்கம் நிச்சயம் மாறும், அப்போது போய்க்கொள்ளலாம்.

குடும்பத்தோடு எப்படிப் பேசுவது

பக்கத்தில் வந்துவிட்டால் தினமும் வருவார்கள் என்று ஒரு தரப்பும், தினமும் வர வேண்டுமே என்று இன்னொரு தரப்பும் நினைத்துக்கொண்டிருக்கும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேசிவிடுங்கள். நான் அம்மாவிடம், "அம்மா, நாங்க பக்கத்துல வரோம், ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அவ படிக்கிற நேரம், போன் பண்ணிட்டு வா" என்றேன். அம்மாவுக்கு முகம் ஒரு நிமிடம் வாடியது. அப்புறம் அவரே, "நீயும் ஞாயித்துக்கிழமை காலைல வந்து எழுப்பாதே, அன்னைக்குத்தான் நான் தூங்கறேன்" என்றார். இப்படி இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு சொல்லிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது. சாவி ஒன்று அங்கே இருக்குமா, அண்ணன் தம்பிகளும் முறை போட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்களா, பக்கத்தில் இருக்கிறவரே எல்லாம் செய்வதா, இதெல்லாம் முதலிலேயே பேச வேண்டியவை. கடைசியாகச் சொன்னதை முக்கியமாகப் பேசுங்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை மேல்தான் எல்லாம் விழும்.

அதேபோல, கூட இருக்கும் மாமியாரை அவருடைய தெருவிலிருந்து பெயர்த்து நம் அம்மா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றால் அவரிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அத்தையும் "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள்

பெற்றோர் பக்கத்தில் ஃபிளாட் நல்ல விலைக்கு வருகிறது என்று உடனே பதிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே ஒருவர் வாங்கிய ஃபிளாட் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், எண்பது லட்சம் மதிப்புக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம், அந்த ஊர் ஒத்துவரவில்லை என்றால் இது திரும்ப வராத பணம். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு பள்ளிக்கூட வருடம் அங்கே இருந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதி. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அது சொல்கிறது. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் உண்டு, இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், எங்களுக்கு ஐந்து மாதத்துக்கு இறங்கினார்கள்.

குடிபோன முதல் மாதத்தில் மறுபடியும் ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுங்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் முதல் வாரத்துத் தாளில் அத்தை வெளியே போனது ஒன்பது முறை, அதில் ஏழு தனியாக. இங்கே கீரைக்காரம்மா ஸ்டேஷன் போகிற வழியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது நாளே அவருடைய மகளுக்கு எந்த ஊரில் கல்யாணம் என்பதுவரை அத்தை தெரிந்துகொண்டு வந்தார், பையில் இரண்டு கட்டு முளைக்கீரை, ஒன்று எங்களுக்கு, ஒன்று சேலையூருக்கு.